சீனாவின் சனத்தொகையும் உல்லாசப் பிரயாணத்துறையின் வளர்ச்சியும்

ஒரு நாட்டின் உல்லாசப் பிரயாணத்துறையை ஆராய முற்படுவோர், அந்நாட்டுக்கு வந்துசேரும் அந்நியரின் தொகையையும் அவர்களால் கிடைக்கும் அந்நியச் செலாவணியையுமே பெரும்பாலும் கணக்கிலெடுப்பர். அந்நாட்டு மக்களோ பரிசாரகராகவும், கைவினைப் பொருள் விற்போராகவும், சிலவேளைகளில் காட்சிப் பொருளாகவுமே அக்கணக்கில் இடம்பெறுவர். இந்நோக்கின் குறைபாட்டைச் சீனாவின் வரலாறு தெளிவாக உணர்த்துகின்றது. அங்கே மாபெரும் சனத்தொகையொன்று முதலில் இத்துறைக்குப் புறத்தே நிறுத்தப்பட்டது. பின்னர் அதுவே இத்துறையின் பிரதான ஆதாரமாயிற்று. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதன் பயன் யாரைச் சென்றடைந்தது என்பவற்றை நாம் ஈண்டு நோக்குவோம்.

பிரயாணம் சீன மரபுக்குப் புதியதன்று. தைசான் மலைக்கு யாத்திரை செல்லும் வழக்கம் தொன்மையானது. மிங் வமிசக் காலத்தின் இறுதியில் வாழ்ந்த சூ சியாக்கே தம் வாழ்நாளில் முப்பது ஆண்டுகள் வரை நாடெங்கும் சுற்றி, மலைகளையும் நதிகளையும் குகைகளையும் பற்றி விரிவான குறிப்புகளை எழுதிவைத்தார். ஆயினும், கற்றோருக்கும் செல்வருக்கும் யாத்திரிகருக்கும் உரியதாக இருந்த பிரயாணம், பொதுமக்களின் ஓய்வுகால உரிமையாக அக்காலத்தில் மலரவில்லை.

1949இல் மக்கள் குடியரசு நிறுவப்பட்டபோது நாட்டின் சனத்தொகை ஏறக்குறைய 540 மில்லியன். 1953ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு பெருநிலப்பரப்பில் ஏறக்குறைய 583 மில்லியன் மக்களைக் கணக்கிட்டது. 1982இல் இத்தொகை 1,008 மில்லியனாக உயர்ந்தது. பெருகிவரும் இம்மக்களுக்கு உணவளிப்பதும், கிராமத்தவர் நகரங்களை நோக்கித் திரண்டுவருவதைத் தடுப்பதும் அரசின் பெருங்கவலைகளாயின. 1958இல் நடைமுறைக்கு வந்த குடும்பப் பதிவுச் சட்டவிதிகள் ஒவ்வொருவரையும் அவரவர் பதிவிடத்தோடு பிணைத்தன. இதற்குத் துணைபுரிந்தது தானியப் பங்கீட்டுச் சீட்டு முறையாகும். ஒரு மாகாணத்துச் சீட்டு மற்றொரு மாகாணத்தில் செல்லாது. வெளியூர் செல்வோர் நாடளாவிய சீட்டுகளைப் பெறவேண்டும். விடுதியில் தங்குவதற்குத் தொழிலகத்தின் அறிமுகக் கடிதமும் வேண்டும். 1966ஆம் ஆண்டின் பிற்பகுதியில் செங்காவலர் இளைஞர் மில்லியன் கணக்கில் இலவசமாகப் புகைவண்டியேறி நாடெங்கும் சென்றமை உண்மையே. ஆனால் அது அரசியல் அழைப்பின்பேரில் நிகழ்ந்த பெயர்ச்சி, ஓய்வுக்கான பிரயாணமன்று.

இதே காலப்பகுதியில் அந்நியருக்கெனத் தனியான ஒழுங்குகள் செய்யப்பட்டிருந்தன. 1954இல் சீனச் சர்வதேசப் பிரயாணச் சேவை நிறுவப்பட்டது. நட்பு நாடுகளின் விருந்தினரை உபசரித்து, புதிய சமுதாயத்தின் சாதனைகளை அவர்களுக்குக் காட்டுவதே அதன் முதன்மையான பணி. வருமானம் ஈட்டுவது இரண்டாம்பட்சமாகவே இருந்தது. 1978இன் பின்னரே இந்நிலை மாறியது. நவீனமயமாக்கலுக்கு இயந்திரங்களும் தொழில்நுட்பமும் தேவைப்பட்டன. அவற்றை வாங்க அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. 1979 யூலையில், எழுபத்தைந்து வயதை அண்மித்திருந்த டெங் சியாவோபிங் ஹுவாங்சான் மலையில் ஏறி, அப்பிரதேசத்தை உல்லாசப் பிரயாணத்தின் மூலம் அபிவிருத்தி செய்யுமாறு வலியுறுத்தினார். 1974இல் சியான் நகருக்கு அருகே வெளிப்பட்ட சுடுமண் போர்வீரர் உருவங்களுக்கான அரும்பொருட்சாலையும் 1979இல் திறக்கப்பட்டது.

1978இல் எல்லை கடந்து வந்தோர் ஏறக்குறைய 1.8 மில்லியன், இவர்களுட் பெரும்பாலோர் ஹொங்கொங், மக்காவோ ஆகிய இடங்களிலிருந்து வந்த சீனர்களே. அவ்வாண்டின் வருமானம் 263 மில்லியன் அமெரிக்க டொலர். அதனைப் பெருக்க எடுத்த முயற்சிகள் ஒரே நாட்டுக்குள் இருவேறு உலகங்களை உருவாக்கின. அந்நியர் 1980 முதல் தனியான செலாவணிச் சான்றுத் தாள்களைப் பயன்படுத்தினர். நட்புறவு அங்காடிகளில் அத்தாள்கள் வாங்கிய பொருள்களைச் சாதாரண நாணயத்தால் வாங்க முடியவில்லை. ஹொங்கொங் மூலதனத்தின் பங்களிப்போடு 1983இல் குவாங்சோவில் திறக்கப்பட்ட வெள்ளை அன்னம் ஹோட்டல் உள்ளூர் மக்களையும் தடையின்றி உள்ளே அனுமதித்தமை ஒரு புதுமையாகவே கருதப்பட்டது. இவ்வொரு செய்தியே ஏனைய விடுதிகளின் நிலையை உணர்த்தப் போதுமானதாகும்.

தொண்ணூறுகளில் இத்தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக அகன்றன. 1993இல் தானியச் சீட்டு முறை முடிவுக்கு வந்தது. 1994இன் தொடக்கத்தில் செலாவணிச் சான்றுத் தாள்களின் வெளியீடு நிறுத்தப்பட்டது. 1995 மே மாதம் முதல் வாரத்துக்கு ஐந்து வேலைநாள் என்ற முறை நடைமுறைக்கு வந்தது. 1997இல் ஆசியாவைப் பீடித்த நிதி நெருக்கடியால் ஏற்றுமதிச் சந்தை தளர்ந்தபோது, உள்நாட்டு நுகர்வைப் பெருக்கவேண்டிய கட்டாயம் எழுந்தது. அதன் விளைவே 1999இல் அறிமுகமான 'பொன் வாரம்' எனும் நீண்ட விடுமுறையாகும். அவ்வாண்டு ஒக்டோபரில், முதலாவது பொன் வாரத்திலேயே ஏறக்குறைய 28 மில்லியன் பிரயாணங்கள் பதிவாகின. சுமையாகக் கருதப்பட்ட சனத்தொகை இப்போது சந்தையாகக் காணப்பட்டது. 2000இல் 744 மில்லியனாக இருந்த உள்நாட்டுப் பிரயாணங்கள் 2019இல் 6,006 மில்லியனாயின. பெருந்தொற்றினால் 2020இல் அவை பாதிக்கும் கீழே வீழ்ந்து, 2024இல் மீண்டும் ஏறக்குறைய 5,600 மில்லியனை எட்டின.

எனினும், இப்பேரெண்களை நாம் எச்சரிக்கையோடு நோக்குதல் வேண்டும். இவை பிரயாணங்களின் தொகையேயன்றிப் பிரயாணிகளின் தொகையன்று. ஒருவரே பலமுறை எண்ணப்படுகின்றார். 2019ஆம் ஆண்டின் பிரயாணங்களுள் ஏறக்குறைய 4,471 மில்லியன் நகரவாசிகளுக்கும், 1,535 மில்லியன் மாத்திரமே கிராமவாசிகளுக்கும் உரியவை. அக்காலத்தில் மக்களுள் ஐந்தில் இருவர் வரை கிராமவாசிகளாயிருந்தும், பிரயாணங்களில் அவர்களது பங்கு நான்கில் ஒன்று. செலவிலோ ஆறில் ஒன்று. ஏறக்குறைய 290 மில்லியன் கிராமியத் தொழிலாளர் ஊர்விட்டோ தொழில்விட்டோ உழைத்த ஆண்டு அது. தூரத்து நகரங்களில் உழைப்போருட் பலருக்கு, வசந்த விழாவின்போது தம் குடும்பத்தைக் காண ஊர் திரும்புவதே ஆண்டின் நீண்ட பிரயாணம். பிறர் தங்கும் விடுதிகளைக் கட்டியோரும் துப்புரவு செய்வோரும் இவர்களுள் அடங்குவர்.

பண்பாட்டுத் துறையிலும் இதன் தாக்கம் புலப்படுகின்றது. யுன்னான் மாகாணத்து சொங்தியான் எனும் மாவட்டம் 2001இல் 'சங்ரி-லா' எனப் பெயர் மாற்றப்பட்டது. அது ஆங்கில நாவலாசிரியர் ஜேம்ஸ் ஹில்டன் 1933இல் கற்பனை செய்த இடத்தின் பெயர். திபெத்திய மக்கள் வாழும் ஒரு பிரதேசம், தன் அடையாளத்தை மேலைநாட்டார் ஒருவரின் கனவிலிருந்து கடன்பெற்றமை, சந்தையின் வலிமைக்குச் சான்றாகும்.

2022இல் சீனாவின் சனத்தொகை, அறுபது ஆண்டுகளின் பின் முதன்முறையாக வீழ்ச்சியுற்றது. அடுத்த ஆண்டில் இந்தியா அதனை விஞ்சியது. இதனால் இத்துறை நலிந்துவிடும் என முடிவுசெய்தல் பொருந்தாது. 1958இலும் 1978இலும் மக்கள் இருந்தனர், பிரயாணிகள் இருக்கவில்லை. மக்களைப் பிரயாணிகளாக்கியவை நடமாடும் சுதந்திரம், ஓய்வுநேரம், வாழ்க்கைக்குப் போதிய ஊதியம் ஆகிய மூன்றுமே. இம்மூன்றும் கிராமத்து உழவருக்கும் இடம்பெயர்ந்த தொழிலாளிக்கும் சமமாகக் கிட்டும் வரை, இத்துறையின் வளர்ச்சி ஒரு பகுதியாரின் வளர்ச்சியே எனலாம். பிரயாணிகளின் தொகையைக் கொண்டு ஒரு நாட்டை அளக்கும் ஆய்வாளர், பிரயாணம் செய்ய முடியாதோரின் தொகையையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும்.