உரோமைக்கு முன்னே சென்ற திருமுகம்

கி.பி. 57 அளவில், கொரிந்து நகரில் தங்கியிருந்த புனித சின்னப்பர், தாம் நேரில் காணாத உரோமைச் சபைக்கு ஒரு திருமுகம் வரைந்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் தெர்த்தியு. தம் வாழ்த்தையும் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்! எடுத்துச் சென்றவர் கெங்கிரேயா சபையின் பெபேயா அம்மையார் என்றே கொள்ளலாம்.

உரோமை வழியாக ஸ்பெயின் செல்ல அவருக்கு ஆசை. ஆனால் யெருசலேம் ஏழைகளுக்கென மக்கெதோனியாவிலும் அக்காயாவிலும் திரண்ட காணிக்கையை முதலில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. வேறொருவர் கையில் கொடுத்தனுப்பியிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். ஆபத்தை அறிந்திருந்தும் அவரே போனார். தமக்காக மன்றாடும்படி திருமுகத்திலேயே கேட்டிருந்தார். அஞ்சியபடியே ஆலயத்தில் பிடிபட்டார். செசரேயாவில் ஈராண்டுச் சிறை, மால்ட்டா அருகே கப்பற்சேதம்.

விலங்குடன் வந்தவரை எதிர்கொள்ள, உரோமைச் சகோதரர்கள் 60 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அப்பியு சந்தைவரை வந்திருந்தனர். அவர்களைக் கண்டு சின்னப்பர் தைரியம் கொண்டார் என்கிறது அப்போஸ்தலர் பணி.