சேர நாட்டுப் போர்மரபில் தெய்வமும் மந்திரமும்

பாலக்காட்டுக் கணவாய் முதல் குமுளி மலை வரையிலான சேர நாட்டு எல்லைப்புறத்திலும், அதை ஒட்டிய தமிழ்ப் பகுதிகளிலும் சங்க காலம் தொட்டு 18ஆம் நூற்றாண்டு வரை வழங்கிய போர் நம்பிக்கைகளையும் சடங்குகளையும் இத்தலைப்பு குறிக்கும். போருக்குப் புறப்படும் நாளைக் குறித்ததும், பகைவனின் எந்தப் பொருளைப் பறிப்பது என்று காட்டியதும், செத்தவனைத் தெய்வமாக்கியதும் இவைதாம். அரசனும் படையும் இவற்றுக்குக் கட்டுப்பட்டே நடந்தனர்.

தெய்வம் கேட்ட போர்

தொல்காப்பியப் புறத்திணையியல் போரை வெட்சி என்னும் ஆநிரை கவர்தலில் தொடங்குகிறது. வெட்சித் துறைகளில் கொற்றவைநிலையும் ஒன்று. பாலை நிலத் தெய்வமான கொற்றவைக்குப் பலி கொடுத்த பிறகே மறவர் வில்லெடுத்தனர். சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரி இதை நேரில் காட்டுகிறது. எயினர் குடியில் பிறந்த சாலினி என்பவள் தெய்வம் ஏறி ஆடுகிறாள். பகைவர் ஊர்களில் ஆநிரை பெருகிக் கிடக்க, எயினர் மன்றங்கள் பாழ்பட்டுக் கிடப்பதை அவள் வாய்வழியே தெய்வம் சொல்கிறது. தனக்குரிய கடனைக் கொடுக்காவிட்டால் வெற்றி தரமாட்டேன் என்கிறது. உடனே குமரி ஒருத்தியைக் கொற்றவையாக ஒப்பனை செய்கிறார்கள். பன்றிக் கொம்பைப் பிறையாகச் சூட்டி, புலிப்பல்லைத் தாலியாகக் கோத்து, புலித்தோல் உடுத்திக் கலைமான்மேல் ஏற்றுகிறார்கள்.

இங்கே போருக்கான காரணம் பசி. அந்தப் பசியைக் குடி முழுவதற்குமான கடமையாக மாற்றியது தெய்வத்தின் வாக்கு. சங்கப் போர்களை வெறும் வீர விளையாட்டாகப் படிப்பவர்கள் இந்தப் பகுதியைத் தவறாமல் படிக்க வேண்டும்.

படை புறப்பட்ட பின்னும் அதன் முடிவைச் சகுனத்தில் தேடினர். இதற்கு விரிச்சி என்று பெயர். முல்லைப்பாட்டில் முதிய பெண்டிர் மாலை நேரத்தில் ஊர்ப்புறம் போய், நெல்லும் முல்லைப் பூவும் தூவித் தொழுது நற்சொல்லுக்குக் காத்திருக்கிறார்கள். தாயைக் காணாமல் கலங்கும் கன்றிடம், உன் தாய் இப்போது வந்துவிடுவாள் என்று ஓர் ஆய்மகள் சொல்வது காதில் விழுகிறது. போர்மேல் சென்ற தலைவன் வென்று திரும்புவான் என்று அதற்குப் பொருள் கொள்கிறார்கள்.

முரசும் காவல்மரமும்

அரசனின் வீரமுரசு உயிருள்ள தெய்வமாகவே நடத்தப்பட்டது. அதற்குக் குருதி வேட்கை உண்டு என்று நம்பினார்கள். பலியிட்டார்கள், மயிற்பீலியும் உழிஞைப் பூவும் சூட்டினார்கள், நீராட்ட எடுத்துச் சென்றார்கள். அது வீற்றிருக்கும் கட்டிலில் வேறு யாரும் ஏறினால் வாள்வெட்டுதான் தண்டனை. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனைக்கு வந்த மோசிகீரனார், முரசு நீராடப் போயிருந்த வேளையில் களைப்பு மிகுந்து, பூ விரித்த அந்தக் கட்டிலிலேயே படுத்து உறங்கிவிட்டார். அங்கு வந்த அரசன் வெட்டவில்லை. பக்கத்தில் நின்று விசிறினான். புறநானூற்றின் 50ஆம் பாட்டு இதைச் சொல்கிறது. அரசனின் தமிழன்புக்குச் சான்றாகவே இப்பாட்டு பள்ளிகளில் சொல்லித் தரப்படுகிறது. முரசின் தெய்வத்தன்மையை அறிந்தவர்க்குத்தான் அவன் எத்தனை பெரிய விதியை மீறினான் என்பது புரியும்.

இதே தகுதி காவல்மரத்துக்கும் இருந்தது. கடிமரம் என்றும் அதைச் சொல்வர். ஒவ்வொரு குறுநில மன்னனுக்கும் ஒரு மரம். அது நிற்கும் வரை அவன் குடிக்கு அழிவில்லை என்பது நம்பிக்கை. ஆகவே பகைவன் மரத்தை வெட்டுவது போரின் தலையாய நோக்கங்களில் ஒன்றானது. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடல் கடந்து சென்று பகைவரின் கடம்பை வெட்டி, அந்த மரத்தாலேயே முரசு செய்தான். களங்காய்க்கண்ணி நார்முடிச்சேரல் நன்னனின் வாகையை வீழ்த்தினான். செங்குட்டுவன் மோகூர்ப் பழையனின் வேம்பை வெட்டினான். அந்த அடிமரத்தை யானைகள் இழுத்துச் செல்லக் கட்டிய கயிறு, தோற்ற பக்கத்துப் பெண்களின் கூந்தலால் திரித்தது என்கிறது பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பதிகம். தெய்வத்தின் பெயரால் நடந்த போரின் கொடுமைக்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. கணவனை இழந்து அணிகலன் களைந்தவர்களின் கூந்தல் அது.

காயம்பட்டவனின் வீடு

மந்திரம் என்ற சொல்லுக்கு மிக நெருங்கிய வழக்கம் காயம்பட்டவனைக் காப்பதில் இருந்தது. புண்பட்ட உடலைப் பேய் வந்து தொடும் என்று அஞ்சினார்கள். பேய் நெருங்காதபடி மனைவி காத்து நிற்பதைத் தொல்காப்பியம் தொடாக்காஞ்சி என்று தனித் துறையாகவே வகுத்துள்ளது. அரிசில்கிழாரின் புறநானூற்றுப் பாட்டில் (281) அந்த வீட்டுக்குள்ளேயே போய்விடலாம். வீட்டில் இரவத் தழையும் வேப்பந்தழையும் செருகுகிறார்கள். யாழ் ஒலிக்கிறது, மெல்லக் கையெடுத்து மை பூசுகிறார்கள், வெண்சிறுகடுகு தூவுகிறார்கள், ஆம்பற்குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடுகிறார்கள், வீடெங்கும் நறும்புகை சூழ்கிறது. வேப்பிலையும் கடுகும் இன்றும் நம் வீடுகளில் கண்ணேறு கழிக்கப் பயன்படுகின்றன.

படுக்கையில் செத்த அரசனின் உடலைத் தருப்பைப் புல்லில் கிடத்தி, வாளால் கீறி அடக்கம் செய்யும் வழக்கமும் இருந்தது. களத்தில் விழுந்த மறவர் போகும் உலகுக்கு அவனும் போக வேண்டும் என்பது அதன் நோக்கம். வெண்ணிப் போரில் கரிகாலனின் வேல் முதுகு வரை ஊடுருவியதால், அதைப் புறப்புண் என்று நாணிய சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர்விட்டான்.

ஒரு கல்லுக்காகப் படையெடுப்பு

போரில் பட்டவனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறாகப் பகுக்கிறது. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்துக் காதைகளின் பெயர்களைப் பார்த்தால் இளங்கோ இந்த வரிசையையே பெரிதும் பின்பற்றியது தெரியும். மறவனுக்குரிய சடங்கை அவர் ஒரு பெண்ணுக்குச் செய்தார். அதுவும் வாளெடுக்காமல் ஒரு நகரை எரித்த கண்ணகிக்கு.

வேங்கை மரத்தடியில் நின்ற கண்ணகியைப் பற்றி மலைக்குறவர் சொல்லக் கேட்ட செங்குட்டுவன், சிலைக்குப் பொதியில் கல்லை விட்டு இமயக் கல்லைத் தேர்ந்தான். நிமித்திகன் நாள் குறித்தான். வாளும் குடையும் முதலில் வடக்கே பெயர்ந்தன. சிவன் கோயில் பிரசாதத்தைத் தலையிலும் திருமால் கோயில் பிரசாதத்தைத் தோளிலும் தாங்கி அரசன் புறப்பட்டான். போர் 18 நாழிகையில் முடிந்தது. தோற்ற வடநாட்டு மன்னர்களான கனகனும் விசயனும் தலையில் கல் சுமந்தார்கள். அது கங்கையில் நீராட்டப்பட்டது. படை வஞ்சிக்குத் திரும்ப 32 மாதமானது. இந்தப் படையெடுப்பை அப்படியே வரலாறாகக் கொள்வதற்கில்லை. ஆனால் தெய்வத்துக்கு ஒரு கல் வேண்டும் என்பது படை நகர்த்தப் போதிய காரணம் என்று அக்காலத்தார் ஏற்றிருந்தனர்.

மாமாங்கமும் கொங்கன் படையும்

பின்னாளைய மலையாள நாட்டில் இம்மரபு களரி என்னும் போர்ப்பயிற்சிக் கூடத்திலும் பகவதி கோயில்களிலும் தொடர்ந்தது. 42 அடி நீளமும் 21 அடி அகலமும் கொண்ட களரியின் தென்மேற்கு மூலையில் ஏழு படிகளுடன் பூத்தறை இருக்கும். அதை வணங்காமல் ஆயுதம் தொடக்கூடாது. இன்றைய பாலக்காடு மாவட்டத்தின் ஒற்றப்பாலம் பகுதியையும் உள்ளடக்கியிருந்த வள்ளுவநாட்டின் சாவேர்ப் படையினர், அங்காடிப்புரம் திருமாந்தாம்குன்றுப் பகவதியைத் தொழுது புறப்படுவார்கள். 12 ஆண்டுக்கு ஒருமுறை பாரதப்புழைக் கரையில் திருநாவாயாவில் நடந்த மாமாங்க விழாவில், கோழிக்கோட்டு மன்னனான சாமூதிரியைக் கொல்ல முயன்று வெட்டுண்டு சாவார்கள். சாமூதிரி பறித்துக்கொண்ட மாமாங்கத் தலைமையை மீட்பதே நோக்கம். மீளமாட்டோம் என்று அறிந்தே தலைமுறை தலைமுறையாகப் போனார்கள். 1766இல் ஹைதர் அலி மலபாருக்குள் புகுந்த பின் அவ்விழா நின்றது.

பாலக்காட்டுப் பகுதியில் மந்திரம் என்றதும் பலரும் நினைப்பது ஒடியனை. இருளில் காளையாக உருமாறிக் கொல்வான் என்ற கதை படைப்போரைச் சேர்ந்ததன்று. ஒடுக்கப்பட்ட சாதியினர்மேல் ஏற்றப்பட்ட அச்சம் அது; தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பிலேயே பதிவாகியுள்ளது. அதை வீரக்கதையாகப் பரப்புவோர் அந்தச் சாதியினர் பட்ட பழியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பாலக்காடு மாவட்டச் சித்தூரில் கும்ப மாதத்தில் கொங்கன் படை என்னும் விழா ஆண்டுதோறும் நடக்கிறது. கணவாய் வழியாகப் படையெடுத்து வந்த கொங்கு மன்னனைச் சித்தூர்ப் பகவதியே போரிட்டுக் கொன்றாள் என்பது ஊர்க்கதை. போர் அறைகூவல் ஓலை கூட்டத்தின் முன் வாசிக்கப்படும், கொங்கன் படையோடு வருவான், பொய்ப்போர் நடக்கும், பகவதி வெல்வாள். தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைந்த வட்டம் அது. பொள்ளாச்சி அங்கிருந்து தொலைவில்லை.

மங்கலதேவி

இடுக்கி, தேனி எல்லையில் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் சுமார் 1,337 மீட்டர் உயரத்தில் உள்ள மங்கலதேவி கோயிலை, செங்குட்டுவன் எடுத்த கண்ணகி கோட்டம் என்று 1963இல் ஆராய்ந்து சொன்னவர் பேராசிரியர் சி. கோவிந்தராசனார். கொடுங்கல்லூரே அந்த இடம் என்பாரும் உண்டு. கோயிலின் கற்கள் சரிந்து கிடக்கின்றன. சித்திரா பௌர்ணமி ஒருநாள் மட்டும் இரு மாநில நிர்வாகங்களும் சேர்ந்து வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்கின்றன. பளியன்குடியிலிருந்து நடந்தும் குமுளியிலிருந்து ஜீப்பிலும் மக்கள் ஏறுகிறார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாரும் மலையிறங்கிவிட வேண்டும்.