பௌதிகமும் தொழில்நுட்பமும்: உயர்நிலைப்பள்ளிப் போதனையின் நோக்கங்கள்

உயர்நிலைப்பள்ளியில் பௌதிகத்தையும் அதனைச் சார்ந்த தொழில்நுட்பத்தையும் பயிலும் மாணவர் எவற்றை அறிந்திருத்தல் வேண்டும், எவற்றைச் செய்ய வல்லவராதல் வேண்டும், எவ்விதம் சிந்திக்கப் பழகுதல் வேண்டும் என முன்கூட்டி வகுத்துரைப்பன போதனை நோக்கங்கள் எனப்படும். இவற்றுள் எதற்கு முதலிடம் என்பதில், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெரும் மாறுதல்கள் நிகழ்ந்தன.

அதற்கு முன் வழங்கிய அமெரிக்கப் பாடநூல்களில் மோட்டார் எஞ்சின், குளிர்பதனப் பெட்டி போன்ற சாதனங்களின் வர்ணனை மிகுந்திருந்தமையால், மாணவர் சூத்திரங்களை மனனம் செய்தனரேயன்றி, அவற்றைப் பிணைக்கும் தத்துவங்களை உணரவில்லை என்று விஞ்ஞானிகள் குறைகூறினர். இக்குறையை நீக்கும் பொருட்டு 1956-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெரால்டு சக்கரையாஸின் முயற்சியால் அமைந்த குழு, 1957-இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியபின் பெருகிய அரசாங்க ஆதரவைப் பெற்று, 1960-இல் புதிய பாடநூலை வெளியிட்டது. ஒளி துகளா, அலையா என்னும் வினாவை, அலைத்தொட்டியில் எழும் நீரலைகளைக் கண்டு மாணவரே ஆராயுமாறு செய்த அப்பாடத்திட்டம், சாதன வர்ணனைகளைப் பெரிதும் விலக்கிற்று.

அவ்வாறு விலக்கியதால் பௌதிகம் பலருக்கு எட்டாத வித்தையாகிவிடுமோ என்ற ஐயம் எழவே, ஜெரால்டு ஹோல்டன் முதலியோர் ஹார்வர்டில் வகுத்து 1970-இல் நூலாக்கிய பாடத்திட்டம், கலிலியோ, நியூட்டன் ஆகியோரின் சிந்தனைச் சரித்திரத்தோடு பௌதிகத்தை இணைத்து, அதனை மனிதப் பண்பாட்டின் ஓர் அங்கமாகக் காட்டுவதை நோக்கமாகக் கொண்டது. பொறியியல் அறிஞர்களோ, பின்னூட்டம், மாதிரியமைத்தல், தீர்மானம் செய்தல் ஆகியவற்றைத் தனிப்பாடமாகத் தொகுத்தனர். இங்கிலாந்தில் 1990 முதல் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் தேசியப் பாடத்திட்டத்தில் தனிப்பாடமாயின. இயற்கையின் காரணங்களை நாடுவது பௌதிகத்தின் நோக்கம் எனவும், தேவையை உணர்ந்து, கிடைக்கும் பொருளுக்கும் செலவுக்கும் உட்பட்டு ஒன்றை ஆக்கிச் சோதித்தல் தொழில்நுட்பத்தின் நோக்கம் எனவும் வேறுபாடு தெளிந்தது.

நோக்கம் எத்துணை உயர்ந்ததாயினும், பரீட்சை பழைய முறையிலேயே இருப்பின் அது ஏட்டளவில் நின்றுவிடும். இதனை உணர்ந்தே, இங்கிலாந்தில் 1962-இல் தொடங்கி எரிக் ராஜர்ஸ் தலைமையில் வளர்ந்த நஃபீல்டு பௌதிகத் திட்டத்தினர், பாடத்தோடு வினாத்தாளையும் மாற்றியமைத்தனர். மாணவரின் மனனத்தை அளவிடாமல் யுக்தியையும் கைத்திறனையும் அளவிடும் பரீட்சையே போதனை நோக்கங்களுக்கு உயிரளிப்பதாகும்.