பறக்கும் விமானப் படங்களுக்கான ஷட்டர் வேகம்

விமானத்தைப் பறக்கும்போது படமெடுக்க ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பது, விமானத்தின் வேகத்தைவிட அதை இழுத்துச் செல்லும் எஞ்சினையே பெரிதும் பொறுத்தது. ஜெட் விமானத்துக்கு 1/1000 நொடி அல்லது அதற்கும் குறைவாக வைத்தால் போதும். புரொப்பல்லர் விமானத்துக்கு அப்படி வைத்தால் பிளேடுகள் அசைவற்றுப் பதிந்து, எஞ்சின் அணைந்த விமானம் வானில் தொங்குவதுபோல் இருக்கும். படத்தில் உயிர் இருக்காது.

நிமிடத்துக்கு 2,400 முறை சுழலும் மூன்று பிளேடு புரொப்பல்லர் 1/1000 நொடியில் சுமார் 14 பாகைதான் நகரும். 1/125 நொடியில் 115 பாகை நகர்வதால், மூன்று பிளேடுகளும் சேர்ந்து ஏறக்குறைய முழு வட்டமாகவே தெரியும். சூரியன் பக்கவாட்டில் இருந்தால் அந்த வட்டம் மெல்லிய கண்ணாடித் தட்டுபோல் மின்னும்.

ஹெலிகாப்டர் இன்னும் கடினம். இந்திய விமானப்படையின் சாரங் குழு ஓட்டும் துருவ் போல நான்கு பிளேடு கொண்ட ஒன்று நிமிடத்துக்கு 300 முறை சுழல்வதாகக் கொண்டால், முழு வட்டத்துக்கு 1/20 நொடி வேண்டும். கால்களை ஊன்றி, இடுப்பிலிருந்து உடலைத் திருப்பி விமானத்தைத் தொடரப் பழகாதவர்களுக்கு 1/60 நொடியிலேயே படம் கலங்கிவிடும். மின்னணு ஷட்டரைத் தவிர்ப்பது நல்லது: பல கேமராக்களில் அது பிளேடுகளை வாழைப்பழம்போல் வளைத்துக் காட்டும்.