பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையும் "போதும்" என்ற சொல்லும்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணை பெற்றோர் கூட்டத்தில் சிக்கனம் பற்றிப் பேசும் பொறுப்பு எங்களிடம் வந்தது. தேவையில்லாத செலவைக் குறையுங்கள், இருப்பதைக் கொண்டு திருப்தியாக இருங்கள், வீடு சிறிதானாலும் மனம் பெரிதாக இருக்கட்டும் என்றெல்லாம் பேசினோம். கூட்டம் முடிந்தபின் ஒரு தாய் பக்கத்தில் வந்தார். மலையில் கொழுந்து எடுத்துவிட்டு நேரே வந்தவர். மெதுவாகத்தான் கேட்டார்: "சேர், நாங்க ஆறு பேரு ஒரே காம்பராவுல இருக்கோம். இன்னும் எப்படி சேர் சின்னதா இருக்கிறது?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் காம்பராவின் கதையைத் தேடிப் படித்தோம். தலவாக்கலையில் பிறந்து வளர்ந்தும், தினமும் லயத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தும், அந்த அறை ஏன் அந்த அளவில் இருக்கிறது என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

கதை கோப்பியில் தொடங்குகிறது. 1820களில் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் உருவாகின. கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில்தான் ஆட்கள் நிறையத் தேவை. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, காடு வழியாக நடந்து வந்தவர்களில் பலர், வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். சில மாதங்கள் தலை சாய்க்க ஓர் இடம் போதும் என்பது தோட்டக்காரர்களின் கணக்கு. வரிசையாக அறைகள், முன்னால் ஓர் இஸ்தோப்பு, மேலே ஒரே கூரை. அதுதான் லயம்.

1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. கொஞ்சக் காலத்தில் கோப்பி அழிந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 1885இல் ரயில் பாதை நானுஓயாவை எட்டியபோது எங்கள் பக்கத்து மலைகளெல்லாம் தேயிலையாக மாறிக்கொண்டிருந்தன. தேயிலைக்குப் பருவம் கிடையாது. வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே வந்தவர்கள் குடும்பமாகத் தங்கினார்கள். பிள்ளைகள் பிறந்தார்கள், பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள். வேலை மாறியது, வாழ்க்கை மாறியது. அறை மட்டும் மாறவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி, அதாவது 120 சதுர அடி. நாலைந்து மாதம் தங்கிப் போகிறவருக்கு நினைத்துக் கட்டியதில் ஐந்தாறு தலைமுறை வாழ்ந்துவிட்டது.

அந்த அறையைச் சொந்தமாக்கி, ஒரு சுவரைத் தள்ளிக் கட்டவாவது முடிந்ததா? முடியவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாடுகளுக்கும் இடையில் எண்ணிக்கை போட்டுப் பிரித்தது. 1970களில் தோட்டங்கள் அரசாங்கத்திடம் போயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பெனிகளுக்கு வந்தது. கை மாறி மாறிப் போனாலும் லயம் தோட்டத்துக்குரியதாகவே இருந்தது. வேலை இருந்தால் காம்பரா உண்டு.

எங்கள் தொகுதிக்கு இதில் ஒரு தனி இடம் உண்டு. வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947 தேர்தலில் தலவாக்கலை உறுப்பினராகப் பாராளுமன்றம் போனார். அடுத்த வருடமே அவருக்கு வாக்களித்த மக்களின் பிரஜாவுரிமை கேள்விக்குள்ளானது. பின்னாளில் அவர் எழுதிய நாவலின் பெயர் "வீடற்றவன்". அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது எங்களுக்கு விளங்குகிறது.

இதற்கு நடுவில் எங்களுக்கு இன்னொரு சின்ன அறையின் நினைவு வந்தது. மதீனாவில் பள்ளிவாசலை ஒட்டியிருந்த நபி (ஸல்) அவர்களின் ஹுஜ்ராக்கள். பச்சைக் கல்லாலும் பேரீச்சை மட்டையாலும் ஆனவை. சிறுவனாக இருந்தபோது உள்ளே போய்க் கையை உயர்த்தினால் கூரை கைக்கு எட்டும் என்று ஹஸன் அல் பஸரி (ரஹ்) சொன்னதாக அறிவிப்பு உண்டு. பிறகு கலீபா வலீதின் காலத்தில், பள்ளிவாசலை விரிவாக்குவதற்காக அந்த அறைகள் உடைக்கப்பட்டன. அப்போது மதீனா மக்கள் அழுதார்கள். அவற்றை அப்படியே விட்டிருக்கக் கூடாதா, பின்னால் வருபவர்கள் பார்த்து, செல்வத்தில் போட்டி போடாமல் இருந்திருப்பார்களே என்று ஸஈத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) வருந்தியதாகவும் சொல்லப்படுகிறது.

மதீனாவில் சின்ன அறை உடைக்கப்பட்டதற்காக அழுதார்கள். இங்கே அதை எப்போது உடைப்பார்கள் என்று ஜனங்கள் காத்திருக்கிறார்கள். இரண்டும் சின்ன அறைதான். வித்தியாசம் எங்கே?

ஹுஜ்ராவில் வாழ்ந்தவர் நினைத்திருந்தால் மாளிகை கட்டியிருக்கலாம். அவர் தனக்கென்று அந்த அளவைத் தேர்ந்தெடுத்தார். லயத்தின் அளவைத் தீர்மானித்தவர்கள் லயத்தில் படுக்கவில்லை. அவர்கள் மேட்டில் இருந்த பங்களாவில் படுத்தார்கள். தனக்குத் தானே "போதும்" என்று சொல்வது எளிமை. மற்றவரைப் பார்த்து "உனக்கு இது போதும்" என்று சொல்வதற்கு வேறு பெயர். அன்று கூட்டத்தில் நாங்கள் செய்தது இரண்டாவது வேலை. அந்தத் தாய் கேட்டதும் அதைத்தான்.

இதனால் சிக்கனமே வேண்டாம் என்று ஆகிவிடாது. உண்மையில் சிக்கனத்தை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களே லயத்து மக்கள்தான். கவ்வாத்து வெட்டியபின் மிலாறு கட்டிச் சுமந்து வந்து அடுப்பெரிப்பார்கள். லயத்துக்குப் பக்கத்தில் துண்டு நிலம் கிடைத்தால் கோவாவும் லீக்ஸும் போடுவார்கள். சீட்டுப் பிடித்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவார்கள். ஒரு வீட்டில் மரணம் என்றால் பக்கத்துக் காம்பராக்களில் சோறு வேகும். டவுனில் கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்த எங்கள் உம்மாவுக்கும் இந்தப் பழக்கங்கள் அவர்களோடு பழகித்தான் வந்தன. ஆனால் இவற்றைக் காட்டி, "பாருங்கள், லயத்தில் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்" என்று சொல்லக் கூடாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடியதை நாம் மறக்கவில்லை.

இன்று கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. மேல் கொத்மலை அணைக்காக எங்கள் ஊரிலேயே எத்தனையோ குடும்பங்கள் பழைய இடத்தை விட்டுப் புது வீடுகளுக்குப் போயின. இந்திய உதவியில் தோட்டங்களில் கட்டப்படும் வீடுகள் 550 சதுர அடி, 7 பேர்ச் காணியில். 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். 550 சதுர அடி கொழும்பில் இருப்பவருக்குச் சின்ன வீடு. 120 சதுர அடியிலிருந்து போகிறவருக்கு, வயதுக்கு வந்த மகள் கதவைச் சாத்தி உடை மாற்ற ஓர் அறை, மகன் பரீட்சைக்குப் படிக்க ஒரு மூலை. "போதும்" என்ற சொல் அங்கேதான் தொடங்க முடியும். அதற்குக் கீழே அந்தச் சொல்லைக் கொண்டுபோகக் கூடாது.

இனி எங்கள் விஷயம். மறைக்காமல் சொல்கிறோம். எங்கள் வீட்டில் இரண்டு அறைகள், ஒரு குசினி, ஒரு சின்ன சாலை. நாங்கள் நான்கு பேர். இது போதாது என்று மேல்மாடிக்குக் கடன் எடுத்துத் தூண் எழுப்பினோம். 2022இல் சீமெந்தும் கம்பியும் விலை ஏறியதில் வேலை அப்படியே நின்றது. கம்பி துருப்பிடித்து நிற்கிறது. கடன் மட்டும் மாதாமாதம் சம்பளத்தில் கழிகிறது. ஏன் மேல்மாடி என்று யோசித்துப் பார்த்தால், சொந்தக்காரர்கள் வந்தால் என்ன நினைப்பார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை. ஆக, அந்தச் சிக்கனப் பேச்சு யாருக்குத் தேவைப்பட்டது? பேசியவர்களுக்குத்தான்.

போன வாரம் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தோம். மேல்மாடி வேண்டாம். இருக்கும் கூரையைத் திருத்துவோம், கடனை அடைப்போம்.

அடுத்த தவணைக் கூட்டத்தில் அந்தத் தாயைச் சந்தித்தால் மன்னிப்புக் கேட்கவும், காணி உறுதிக்கான கடிதம் எழுத உதவி தேவையா என்று கேட்கவும் நினைத்திருக்கிறோம். அல்லாஹ் நமக்குப் போதுமென்ற மனதையும், இல்லாதவர்களுக்குப் போதுமான வீட்டையும் தரட்டும். ஆமீன்.

உங்கள் தாத்தா, பாட்டி லயத்தில் வாழ்ந்திருந்தால், அந்தக் காம்பராவில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.