‘தேவர்’ என்று மட்டும் எழுதினால் அது யார்?

விருதுநகர்ல இருந்து அருப்புக்கோட்டை போற ரோட்டுல பாலவனத்தம்னு ஒரு ஊர் வரும். அந்த ஜமீனை ஆண்டவர் பாண்டித்துரைத் தேவர் (1867–1911). மதுரையில் 1901-ல் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கியவர். வ.உ.சி. 1906-ல் ஆரம்பித்த சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவரும் இவர்தான்.

இவரைப் பற்றி இங்கிலீஷ்ல ஒரு கட்டுரை எழுதறீங்கன்னு வைங்க. முதல் வரியில் முழுப்பேரையும் எழுதிடலாம். இரண்டாவது வரியில் என்ன எழுதுவீங்க?

இங்கிலீஷ் வழக்கம் ரொம்ப எளிது. முதல்முறை முழுப்பெயர், அடுத்தமுறை சர்நேம் மட்டும். திருக்குறளை மொழிபெயர்த்த ஜி. யு. போப்பை எடுத்துக்கோங்க. முதலில் ‘ஜார்ஜ் உக்லோ போப்’, அப்புறம் கட்டுரை முழுக்க ‘போப்’ அல்லது ‘டாக்டர் போப்’. குடும்பத்தையே குறிக்கணும்னா முன்னாடி ‘தி’, பின்னாடி ஒரு ‘ஸ்’: ‘தி போப்ஸ்’. அப்பாவிடமிருந்து வந்த குடும்பப் பெயர் அது. அதனால் அந்த விதி அவருக்குப் பொருந்துது.

அதே விதியைப் பாலவனத்தத்தாருக்குப் போட்டால் இரண்டாம் வரியில் ‘தேவர்’ மட்டும்தான் மிஞ்சும். அது ஒரு குடும்பத்தின் பெயர் இல்லை, சாதிப் பட்டம். ஆயிரக்கணக்கானவர்களுக்கு உண்டு. இன்னொரு சிக்கலும் இருக்கு. அடைமொழி இல்லாமல் ‘தேவர்’ என்றால் இன்றைக்குத் தமிழ்நாட்டில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர்தான் நினைவுக்கு வருவார். அவர் பிறந்தது 1908-ல். ‘1901-ல் தேவர் சங்கம் தொடங்கினார்’னு எழுதினா, படிக்கிறவர் நினைக்கிற ஆள் அன்னைக்குப் பிறக்கவே இல்லை!

கப்பல் கம்பெனி பற்றிய வரிக்கு வாங்க. தமிழ்ல ‘பாண்டித்துரையார் வ.உ.சி.க்குத் துணை நின்றார்’னு சொல்வோம். இங்கிலீஷ் விதிப்படி அது ‘தேவர் பிள்ளைக்குத் துணை நின்றார்’னு ஆயிடும். இரண்டு மனிதர்கள் இருந்த இடத்தில் இப்போ இரண்டு சாதிகள் நிற்குது. வரலாறு எழுதறவங்களுக்கு இது சின்ன விஷயமில்லை. புத்தகத்தின் பின்னால் உள்ள பெயர் அகராதியில் ‘பா’வில் தேடினால் பாண்டித்துரை கிடைக்க மாட்டார்.

சரி, பட்டத்தை எடுத்துட்டா? 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு அதைத்தான் தீர்மானமாகவே போட்டது. பட்டம் போனபின் நமக்கு இருப்பது சொந்தப் பெயரும் முன்னால் ஒரு இனிஷியலும். குடும்ப உறவு அந்த இனிஷியலில்தான் இருக்கு. சி. வி. ராமனும் எஸ். சந்திரசேகரும் சித்தப்பா, அண்ணன் மகன். இருவரும் இயற்பியல் நோபல் வாங்கியவர்கள், 1930-லும் 1983-லும். ‘ராமன் விளைவு’, ‘சந்திரசேகர் வரம்பு’ என்று படிக்கிற வெளிநாட்டுக்காரருக்கு இவர்கள் ஒரே வீடு என்று தெரிய வழியில்லை. ராமனின் ‘சி’ தான் சந்திரசேகரன், அவருடைய அப்பா. தாத்தா பெயரைத்தான் பேரனுக்கு வைத்தார்கள்.

இந்த முறை பாஸ்போர்ட்டின் சர்நேம் கட்டத்தில் போய் முட்டுது. அங்கே அப்பா பெயரைப் போட்டுட்டு வெளிநாடு போற பொண்ணை, ஆபீஸ்ல எல்லாரும் ‘மிஸ்’ போட்டு அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. தன் பெயர் தன் காதில் விழறதே இல்லை.

இதுக்கு வழி இல்லாமல் இல்லை. ஐஸ்லாந்துக்காரர்களுக்கும் குடும்பப் பெயர் பெரும்பாலும் கிடையாது. அப்பா பெயரோடு ‘மகன்’, ‘மகள்’ என்று சேர்த்துக்கொள்வார்கள். அவர்கள் டெலிபோன் டைரக்டரியே சொந்தப் பெயர் வரிசையில்தான் இருந்தது. அதே மாதிரி இங்கிலீஷ்ல எழுதினாலும் இரண்டாம் வரியில் ‘பாண்டித்துரை’, ‘சிதம்பரம்’ என்றே எழுதலாம். வாக்கியம் ஒன்றும் உடைந்துவிடாது. ஒருவரை எந்தப் பெயரால் கூப்பிட்டார்களோ, அதுதான் அவர் பெயர்.