தாத்தா ஊர் ரயில் ஏன் கேட்லாகில் இல்லை?



போன வாரம் இங்கிலாந்தில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் சில படங்கள் அனுப்பியிருந்தார். ஹார்ன்பி என்ற மாதிரி ரயில் கம்பெனியின் புது கேட்லாக் பக்கங்கள். அவருடைய பதினோரு வயது மகன் அதை எழுத்து விடாமல் படிக்கிறானாம். "சார், இத்தனை இன்ஜின் போட்டிருக்காங்க, தாத்தா ஊர் ரயில் ஏன் இல்லைன்னு கேக்கறான். நீங்கதானே வரலாறு வாத்தியார், நீங்களே சொல்லுங்க" என்று கீழே ஒரு வரி. நாலு வரியில் பதில் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். அது இவ்வளவு நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டையாம்பட்டியில் வளர்ந்த நமக்குப் பொம்மை ரயில் என்றால் திருவிழாக் கடையில் விற்ற தகர ரயில்தான். சாவி கொடுத்தால் வட்டமாக ஓடும், நாலாம் நாள் ஸ்பிரிங் அறுந்துவிடும். கொலு வைக்கிற வீடுகளில் பூங்காவைச் சுற்றி ஒன்று ஓடும். அதற்கு மேல் அந்த உலகம் நமக்குத் தெரியாது.

பிராங்க் ஹார்ன்பி லிவர்பூல்காரர். துளை போட்ட தகரப் பட்டைகளைத் திருகாணி போட்டு இணைக்கும் விளையாட்டுப் பொருளுக்கு 1901-ல் காப்புரிமை வாங்கினார். அதுதான் பின்னால் மெக்கானோ ஆனது. 1920-ல் ரயில் செய்ய ஆரம்பித்தார். 1925 முதல் வண்ணப் படங்களோடு ரயில் புத்தகம் என்று ஒன்று வெளியிட்டார். அதற்குள் விலைப்பட்டியலும் இருந்தது. வாங்க வசதியில்லாத பிள்ளைகளும் அதை வைத்துக்கொண்டு கனவு கண்டார்கள். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே பட்டாசு விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு, வாங்கப்போகாத வெடிக்கெல்லாம் டிக் அடித்தவர்களுக்கு இது புரியும்.

1938-ல் ஹார்ன்பி டப்ளோ என்ற சிறிய ரயில் வந்தது. அதில் மூன்று தண்டவாளம். காரணம் எளிது. மின்சாரம் வந்து போக இரண்டு வழி வேண்டும். இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் இரண்டு முனையாக வைத்தால், உலோகச் சக்கரமும் அச்சும் அவற்றைச் சேர்த்து ஷார்ட் ஆகிவிடும். அதனால் நடுவில் ஒரு தண்டவாளம் போட்டு அதில் மின்சாரத்தை விட்டார்கள். பார்க்க நிஜ ரயில் மாதிரி இருக்காது, ஆனால் கெட்டியான ஏற்பாடு.

1950-களில் டிரையாங் என்ற போட்டிக் கம்பெனி வந்தது. பிளாஸ்டிக் உடம்பு, மின்சாரம் கடக்காத சக்கர அமைப்பு, இரண்டே தண்டவாளம், விலையும் குறைவு. லிவர்பூல்காரர்கள் அசையவில்லை. எங்கள் தரம் என்ன, அந்த பிளாஸ்டிக் என்ன என்ற எண்ணம். 1959-ல்தான் இரண்டு தண்டவாளத்துக்கு இறங்கி வந்தார்கள். அந்த வருடம் வாங்கினவர்கள் நிலையை யோசித்துப் பாருங்கள். அப்பா பத்து வருடமாகச் சேர்த்த பழைய பாதையில் புது இன்ஜின் ஓடாது. புதுப் பாதையில் பழைய இன்ஜின் ஓடாது. கடைக்காரர் இரண்டு வகையையும் அடுக்கி வைத்துக்கொண்டு விழித்தார். 1964-ல் டிரையாங்கின் தாய்க் கம்பெனியான லைன்ஸ் பிரதர்ஸ், மெக்கானோவையே வாங்கிவிட்டது. அந்த லைன்ஸ் பிரதர்ஸும் 1971-ல் விழுந்தது தனிக்கதை. ஹார்ன்பி என்ற பெயர் மட்டும் கைமாறிக் கைமாறி இன்றுவரை வந்திருக்கிறது.

இப்போது பையன் கேள்விக்கு வருகிறேன். நம் நாட்டில் ஓடிய நீராவி இன்ஜின்களில் ஏராளமானவை பிரிட்டனில் செய்தவை. கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் கம்பெனியும், லிவர்பூலுக்குப் பக்கத்திலேயே இருந்த வல்கன் பவுண்டரியும் இந்தியாவுக்கு இன்ஜின் செய்து கப்பலேற்றின. அதே ஊர்ப்பக்கத்துப் பொம்மைக் கம்பெனி கேட்லாகில், பிரிட்டிஷ் பிள்ளைகள் தங்கள் ஸ்டேஷனில் பார்த்த இன்ஜின்களைத்தான் போட்டார்கள். இதில் வஞ்சகம் ஒன்றுமில்லை, வாங்குகிறவன் அங்கே இருந்தான். இங்கே நாம் வாங்கவும் முடியாது. இறக்குமதிக் கட்டுப்பாடு அப்படி. 2001 வரை பல நுகர்பொருள்களை அயல்நாட்டிலிருந்து தாராளமாகக் கொண்டுவர முடியாது. இவ்வளவுக்கும் நடுவில் புனேயில் பி.எஸ். ஜோஷி என்பவர் விடாமல் சேர்த்தும் செய்தும் 1998-ல் ஒரு சிறு ரயில் அருங்காட்சியகமே திறந்துவிட்டார். புனே பக்கம் போகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கட்டுப்பாடு போனது, வரி வந்தது. பொம்மைக்கான சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பாற்றத்தான். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சுங்கப் பட்டியலில் 9503 என்ற ஒரே தலைப்பில் பொம்மையும் வருகிறது, அளவு குறைத்த மாதிரிகளும் வருகின்றன. பல் முளைக்காத குழந்தையின் கிலுகிலுப்பையும் அறுபது வயதுக்காரர் அலமாரியில் வைக்கும் இன்ஜினும் ஒரே வரிசை.

அங்கேயும் கேட்லாக் வந்தால் எல்லாரும் குதூகலிப்பதில்லை. உற்பத்தி சீனாவுக்குப் போன பிறகு படம் ஒரு வருடம் வரும், பொருள் வேறொரு வருடம் வரும் என்றாகிவிட்டது. ஹார்ன்பிக்குப் பெரும்பகுதி செய்துகொடுத்த சாண்டா கான் தொழிற்சாலையை 2008-09 வாக்கில் வாங்கியது காடர் என்ற ஹாங்காங் நிறுவனம். ஹார்ன்பியின் நேர் போட்டியாளரான பாக்மனுக்கும் காடர்தான் சொந்தக்காரர்! எதிர்வீட்டுக்காரர் நம் கிணற்றை வாங்கின மாதிரி. பொருள் வருவது தாமதமாகி, காத்திருந்தவர்கள் நொந்துபோனார்கள்.

2022 அக்டோபரில் ஹார்ன்பி இன்னொரு குண்டு போட்டது. டிடி:120 என்று புது அளவு, நிஜத்தில் 120-ல் ஒரு பங்கு. வீடு சின்னதாகிவிட்டது, ரயிலும் சின்னதாகட்டும் என்பது நியாயம்தான். ஆனால் ஆரம்பத்தில் கடைகளுக்குக் கொடுக்காமல் கம்பெனியே நேரடியாக விற்றதில் கடைக்காரர்களுக்கு வருத்தம். வயதானவர்களுக்கு வேறு பயம். 1957-ல் டிரையாங் இதே டிடி என்ற பெயரில் ஒன்றைக் கொண்டுவந்து, பத்து வருடத்துக்குள் கைவிட்டுவிட்டது. மறுபடியும் 1959 மாதிரி நடுத்தெருவில் விடுவார்களோ என்று கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி தப்பாகத் தெரியவில்லை.

இனி கொஞ்சம் கணக்கு. கணக்கு வாத்தியார்கள் மன்னிக்கவும். உலகில் அதிகம் புழங்கும் எச்ஓ அளவு 87-ல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். அது ஐரோப்பாவின் 1435 மி.மீ. பாதைக்குப் பொருந்தும். வீரபாண்டி ரோடு வழியாகப் போகும் நம் அகலப்பாதை 1676. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வரும். அந்தச் சின்னப் பாதையில் நம் ரயிலை ஏற்றினால் தம்பி செருப்பில் அண்ணன் கால் நுழைத்த கதைதான். (பிரிட்டிஷ்காரர்களே இந்தத் தப்பைத் தெரிந்து செய்கிறார்கள். அவர்கள் இன்ஜின் ஒல்லி, அந்தக் கால மோட்டார் உள்ளே அடங்கவில்லை. அதனால் உடம்பை மட்டும் 76-ல் ஒரு பங்காகப் பெரிதாக்கி, பாதையை 16.5-லேயே விட்டுவிட்டார்கள்.)

ஆனால் சேலத்திலிருந்து விருத்தாசலத்துக்கு அகலப்பாதை ஆகும் வரை ஓடியது மீட்டர் கேஜ். சரியாக 1000 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 11.5. டிடி பாதையின் அகலம் 12. ஸ்லீப்பர் கட்டை இடைவெளி பொருந்தாது, அதைக் கையால் மாற்றிக்கொள்ளலாம். அங்கே அத்தனை பேர் முணுமுணுத்த அந்தக் கேட்லாகின் பாதையில், வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம் என்று நின்று நின்று போன நம் ரயிலை ஓட்டலாம்.

பையனுக்கு இதைத்தான் எழுதினேன்: கேட்லாகில் இல்லை கண்ணு, நீதான் செய்யணும். அட்டையில் பெட்டி செய்கிறேன், ஆனால் கதவு எங்கே, ஜன்னல் எத்தனை என்று தெரியவேண்டும் என்று மறுநாளே பதில் வந்துவிட்டது.

உங்களில் பலர் கல்லூரிக்கு அந்த ரயிலில் போனவர்கள். பெட்டியின் பக்கவாட்டு முழுதும் தெரிகிற மாதிரி பழைய போட்டோ இருந்தால் எனக்கு அனுப்புங்கள். கல்யாணக் கூட்டம் பிளாட்பாரத்தில் நிற்கிற படமானாலும் சரி, பின்னால் ரயில் தெரிந்தால் போதும்.